சுரங்கப்பாதைகள் – கடிதம்

வணக்கம்,

நூறு வருடத்துக்கு மேல் பழைய கட்டிடம் ஒன்றைப் புதுப்பிக்கும் வேலையில் இருக்கிறேன். பின்பக்க அறையில் தரையைப் பெயர்த்தபோது செங்கல் வளைவு ஒன்று தெரிந்தது. ஆள் குனிந்து போகலாம், கொஞ்ச தூரத்தில் கல் வைத்து அடைத்திருக்கிறது. அது அரண்மனை வரைக்கும் போகிற ரகசியச் சுரங்கம், ராஜா குதிரையிலேயே தப்பிப் போவார் என்று பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் சொல்கிறார்கள். எங்கள் இன்ஜினியரோ வெறும் சாக்கடை, மூடிவிடலாம் என்கிறார். மூடுவதற்குள் இறங்கிப் பார்த்துவிட ஆசை. யார் சொல்வது சரி?

க.

அன்புள்ள க.,

மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் ஒன்று: இறங்காதீர்கள். வெகுநாள் மூடிக்கிடந்த இடத்தில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். நாம் சுவாசிக்கும் காற்றில் அது கிட்டத்தட்ட 21 சதவீதம், 19.5க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மெழுகுவர்த்தியை ஏற்றி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் நம்பவேண்டாம், ஹைட்ரஜன் சல்பைடு என்ற நாற்றமடிக்கும் விஷவாயுவை அது காட்டிக்கொடுக்காது, மீத்தேன் இருந்தால் தீப்பிடித்துக்கொள்ளும். நாற்றமே இல்லையே என்றும் இருந்துவிட முடியாது, ஏனென்றால் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். இந்த மாதிரி குழிகளில் மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்துபோன விபத்துகள் எத்தனையோ. வாயு அளக்கும் கருவி வைத்திருப்பவர்கள், கயிறு கட்டி, மேலே ஆள் நிறுத்திவிட்டு இறங்கட்டும்.

சரி, அரண்மனைக்குப் போகும் சுரங்கம். நான் நம்பவில்லை, முக்கியமான காரணம் மண். ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் என்றால் ஒவ்வொரு மீட்டருக்கும் 3 கன மீட்டர் மண் வெளியே வரவேண்டும், ஒரு கிலோமீட்டருக்கு 3000. ஒரு மாட்டுவண்டி அரை கன மீட்டர் ஏற்றும் என்று வைத்துக்கொண்டாலும் 6000 வண்டி மண். ஊருக்கு நடுவில் யார் கண்ணிலும் படாமல் இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? குதிரை போகவேண்டுமானால் இன்னும் பெரிதாக வெட்டவேண்டும். காற்றுக்காக நடுநடுவே மேலே துளை விட்டால் ரகசியம் போச்சு, விடாவிட்டால் உள்ளே போகிறவன் திரும்பமாட்டான்.

உண்மையிலேயே ரகசியமாக வெட்டியது எப்படி இருக்கும் என்பதற்கு பெர்லின் சுவருக்கு அடியில் 1964இல் மாணவர்கள் வெட்டிய சுரங்கத்தைப் பாருங்கள். மேற்குப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு பேக்கரியில் தொடங்கி கிழக்கில் ஒரு முற்றத்துக் கழிப்பறையில் முடிந்தது, நீளம் 145 மீட்டர்தான். அதற்கே மாதக்கணக்கில் வேலை, தோண்டிய மண்ணை அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே குவித்தார்கள். இரண்டு ராத்திரியில் 57 பேர் அதன் வழியே மேற்குக்குத் தப்பினார்கள். 1527இல் ரோமை எதிரிகள் சூறையாடியபோது போப் ஏழாம் கிளெமென்ட் தப்பி ஓடிய புகழ்பெற்ற பாதையும் தரைக்கடியில் இல்லை, வத்திக்கானிலிருந்து கோட்டை வரை ஒரு மதில்மேல் போகிற 800 மீட்டர் நடைபாதை அது.

மறைவிடம் என்றால் எனக்கு முதலில் நினைவு வருகிறவர் நிக்கோலஸ் ஓவன். கத்தோலிக்கப் பாதிரிகளைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலத்து இங்கிலாந்தில், பெரிய வீடுகளில் அவர்களை ஒளித்துவைக்க அறைகள் செய்தவர். பகலில் எல்லோரும் பார்க்க சாதாரணத் தச்சுவேலை, ராத்திரியில் தனியாக உட்கார்ந்து மாடிப்படிக்கு அடியிலும் புகைபோக்கிக்குப் பின்னாலும் ஒரு ஆள் முடங்குகிற அளவுக்கு இடம் குடைவார். தேடிவந்தவர்கள் சுவரைத் தட்டிப்பார்த்தார்கள், வெளியே ஒரு அளவும் உள்ளே ஒரு அளவும் எடுத்து ஒப்பிட்டார்கள், அப்படியும் பல தப்பின. 1606இல் லண்டன் டவர் என்ற கோட்டைச் சிறையில் சித்திரவதை செய்து அவரைக் கொன்றார்கள், ஒரு மறைவிடத்தைக்கூட அவர் காட்டிக்கொடுக்கவில்லை. மைல் கணக்கில் நீளும் கதைச் சுரங்கங்கள் எல்லாவற்றையும்விட இந்த மனிதர் வெட்டிய சின்னப் பொந்துகள்தான் எனக்குப் பெரிது.

ஆனால் உங்கள் இன்ஜினியர் சொல்லும் ‘வெறும்’ சாக்கடையில் அந்த ‘வெறும்’ எனக்குப் பிடிக்கவில்லை. இஸ்தான்புலில் 16ஆம் நூற்றாண்டில் ஜனங்கள் வீட்டுத் தரையில் இருந்த துளை வழியாக வாளி இறக்கித் தண்ணீர் எடுத்தார்கள், மீன்கூடப் பிடித்தார்கள். பியர் ஜில் என்ற பிரெஞ்சு அறிஞர் அதைக் கேள்விப்பட்டு விளக்கோடு இறங்கிப் படகில் சுற்றிப் பார்த்தார். அடியில் இருந்தது 336 தூண்கள் தாங்கும், ஆயிரம் வருடப் பழைய நீர்த்தொட்டி. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1788இல் திறந்த சவுத் பிரிட்ஜ் என்ற பாலத்துக்கு 19 வளைவுகள், இன்றைக்கு வெளியே தெரிவது ஒன்றே ஒன்று. மற்றவை கட்டிடங்களுக்குப் பின்னால் மறைந்து, முதலில் சரக்கறையாகவும் பிறகு ஏழைகள் குடியிருந்த இருட்டறைகளாகவும் இருந்தன.

அதனால் வெளியே இருந்தபடியே உங்கள் வளைவின் தளம் ஒரே பக்கமாகச் சரிகிறதா என்று பாருங்கள், சரிந்தால் பெரும்பாலும் வடிகால். சுவரில் ஒரு உயரம் வரைக்கும் வழவழப்பான பூச்சும் அதன்மேல் தண்ணீர் நின்ற கோடும் இருந்தால் தொட்டி. விளக்கு மாடமும் கரிப்புகையும் தெரிந்தால் மனிதர் புழங்கிய இடம். அடைத்திருக்கும் கல்லைப் பார்த்து யாரோ எதையோ மறைத்துவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம், சொத்தைப் பிரித்தபோதோ மேலே புதுச் சுவர் எழுப்பியபோதோ இப்படி அடைப்பது சாதாரணம். கல்லை மட்டும் நீங்களாக உருவாதீர்கள், மேலிருக்கும் பாரத்தை அது தாங்கிக்கொண்டிருக்கலாம்.

மூட இன்னும் நாள் இருக்கிறது என்றால், வெளியே நின்றே அளவுநாடா பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், செங்கல்லின் நீள அகலத்தையும் வழி போகும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். தொல்லியல் துறைக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, அவர்கள் வந்து பார்க்கும்வரை அந்த அறைக்கு மட்டும் கான்கிரீட் போடவேண்டாம் என்று இன்ஜினியரிடம் சொல்லுங்கள். பெரியவர்கள் சொல்லும் கதையையும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்துவையுங்கள். படங்களை எனக்கும் அனுப்புங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறேன்.