கப்பலில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை

அன்புள்ள ஐயா,

அணு ஆயுதம் தாங்கிய அந்நியப் போர்க்கப்பல்கள் நம் கடலுக்கு வருவதை மீனவ ஊர்கள் எதிர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பாதுகாப்பும் வெளியுறவும் டெல்லியில் முடிவாகிறவை. காசிமேட்டுக்காரர்கள் இதில் சொல்ல என்ன இருக்கிறது? நம்மிடமே அணு ஆயுத நீர்மூழ்கி இருக்கும்போது அடுத்தவரை மட்டும் தடுப்பது நியாயமா?

வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

டெல்லியில் முடிவாகிறது என்பது உண்மைதான். 2007 ஜூலையில் அமெரிக்காவின் நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பல், இரண்டு அணு உலைகளுடன் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றபோது, இடதுசாரிக் கட்சிகள் இங்கே போராடின. எந்தக் கப்பலில் அணுகுண்டு இருக்கிறது என்பதை உறுதிப்படுத்தவும் மாட்டோம், மறுக்கவும் மாட்டோம் என்பது அந்நாட்டுக் கடற்படையின் நெடுங்காலக் கொள்கை. என் எதிர்ப்பு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1965 டிசம்பரில் டிகோண்டரோகா என்ற அவர்களுடைய கப்பலிலிருந்து ஹைட்ரஜன் குண்டு பொருத்திய விமானம் ஒன்று விமானியோடு கடலில் விழுந்து மூழ்கியது. நிலத்திலிருந்து 500 மைலுக்கு அப்பால் நடந்தது என்று 1981இல் சொன்னார்கள். ஜப்பானியத் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 80 மைலில் நடந்தது என்பது 1989இல்தான் வெளியே வந்தது.

வடசென்னைக்காரர்களுக்கு இந்த மௌனம் பழக்கமானது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது, பெரிய கசிவு எதுவும் இல்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. பிறகு எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் இளைஞர்கள் பாறைகளுக்கிடையே இறங்கி, கறுத்த எண்ணெய்ச் சேற்றைப் பிளாஸ்டிக் வாளிகளில் அள்ளி, கைமாற்றிக் கரையேற்றினார்கள். எண்ணெய் படாத ஆழ்கடலில் பிடித்த வஞ்சிரத்தைக்கூட வாங்குகிறவர்கள் சந்தேகத்தோடு பார்த்த நாட்கள் அவை. கசிவு நடந்தாக வேண்டும் என்றில்லை, கசிந்திருக்குமோ என்ற பேச்சே ஏலத்தைப் படுக்கவைத்துவிடும். எண்ணெயாவது கண்ணுக்குத் தெரியும், கதிர்வீச்சு தெரியாது. 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் 23 ஜப்பானிய மீனவர்கள் இருந்த சூரைமீன் படகின் மேல் விழுந்தபோது, ஜப்பான் முழுவதும் மீன் வியாபாரம் சரிந்தது. அதை எதிர்த்து டோக்கியோவின் சுகினாமிப் பகுதியில் மீன் வியாபாரிகளும் இல்லத்தரசிகளும் முன்னெடுத்த கையெழுத்து இயக்கம், நாடெங்கும் பரவி மூன்று கோடிக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. அவர்களும் வெளியுறவுத் துறையில் வேலை பார்த்தவர்கள் அல்லர்.

ஜப்பானின் துறைமுக நகரான கோபேயின் நகரசபை 1975 மார்ச்சில், அணு ஆயுதம் இல்லை என்று சான்று தராத அந்நியப் போர்க்கப்பலுக்குத் துறைமுகத்தில் இடமில்லை எனத் தீர்மானம் போட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் அமெரிக்கப் போர்க்கப்பல் எதுவும் அங்கே வரவில்லை. அங்கே துறைமுகம் நகராட்சியின் கையில் இருக்கிறது. சென்னைத் துறைமுகம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது. ஆகவே நம் தீர்மானத்துக்கு அந்தச் சட்ட வலு இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணூருக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்துக்கு 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ பழுதுபார்க்க வந்தது. அது சரக்குக் கப்பல், அதன் மேல் அணு ஆயுதப் பழி போடக் கூடாது. அடுத்து வருவது எது என்று கேட்க வேண்டிய காலம் இதுதான் என்பதே என் கவலை.

நம் அணு ஆயுத நீர்மூழ்கியான அரிஹந்த் பற்றிய உங்கள் கேள்வி நேர்மையானது. அதன் உலைக்கு முன்மாதிரி இயங்கியதே நம் கல்பாக்கத்தில்தான். எந்தக் கொடி பறந்தாலும் அணு ஆயுதக் கப்பல் மீன்பிடி கடலில் இருப்பதை நான் எதிர்க்கிறேன். நம்முடையது என்றால் கேள்வியை நம் நாடாளுமன்றத்திலாவது எழுப்ப முடியும், அந்நியக் கப்பலிடம் அதுவும் முடியாது. அணு விபத்து இழப்பீட்டுக்கு 2010இல் இயற்றிய சட்டமும், கப்பலை ஓட்டும் உலையைத் தன் வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருந்தது.

ஆகவே காசிமேட்டு ஊர்ப் பஞ்சாயத்துகளும் காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கிராம சபைகளும் மூன்றைத் தீர்மானமாக எழுதி மாநில அரசுக்கு அனுப்பலாம்: அணு ஆயுதம் இல்லை என்ற எழுத்துப்பூர்வமான சான்று, எந்தப் பகுதியில் எத்தனை நாள் வலை விடக் கூடாது என்ற முன்னறிவிப்பு, அந்த நாட்களுக்கான இழப்பீடு.