ஆய்வுகூடக் கருவிகளும் எர்த்தும்: கேள்வி பதில்

சுன்னாகம்: அண்ணை, சென்ரிபியூஜைத் (இரத்தமாதிரியைச் சுழற்றிப் பிரிக்கிற மிசின்) தொட்டால் விரலில் சுரீர் எண்டுது. மிசினுக்கும் பக்கத்து அறை எர்த்துக்கும் இடையில மீற்றர் வைச்சால் 110 வோல்ற் காட்டுது. மிசின் பழுதோ?

மிசின் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். எர்த்தில்தான் தொடர்பு விட்டிருக்கு. உள்ளே பில்டரில் (மின் இரைச்சலை வடிகட்டுகிற பகுதி) லைனிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று எனக் கப்பாசிற்றர்கள் மிசினின் உடம்போடு, அதாவது வெளி உலோகக் கூட்டோடு சேரும். எர்த் இல்லையெண்டால் உடம்பு 230இன் பாதியில் நிற்கும். 4.7 நானோபராட் கப்பாசிற்றர் விடுவது 0.34 மில்லி அம்பியர், ஆளைக் கொல்லாது. லைன் வயர் உரசி உடம்பில் பட்டால்தான் வினை. எர்த் இல்லாததால் அந்த 230 உடம்பிலேயே நிற்கும். சரியாகும்வரை பாவிக்காதேங்கோ.

துடைத்துத் தொற்றுநீக்கிய பிறகு பிளக்கைக் கழற்றி, எர்த் பின்னுக்கும் உடம்பில் பெயின்ற் இல்லாத ஸ்குரூத் தலைக்கும் இடையில் ஓம் பாருங்கோ. மீற்றர் வயர் இரண்டையும் முட்டிப் பிடித்தால் வரும் 0.2, 0.3ஐ முதலில் கழிக்கவேணும். ஆய்வுகூடக் கருவிகளின் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம் ஐ.ஈ.சி. 61010-1 கேட்பது கோட் (பவர் வயர்) நீங்கலாக 0.1 ஓமுக்கு மேல் போகக்கூடாது, கழற்ற முடியாத கோட் சேர்த்தால் 0.2. ஒரே இழையில் தொங்குகிற எர்த்தும் சாதாரண மீற்றரில் பாஸாகிவிடும். அதைப் பிடிக்கத்தான் 25 அம்பியர் விட்டுப் பார்க்கிற சோதனை. அதிலும் பாஸ் எண்டால் பழுது சொக்கெற் பக்கம் இருக்கலாம், அதைத் திறந்து பாருங்கோ.

நெல்லியடி, எலெக்ற்றீசியன்: லைனுக்கும் எர்த்துக்கும் 230 காட்டினால் எர்த் சரிதானே?

இல்லைத் தம்பி. மீற்றரின் உள்தடை மெகா ஓம் கணக்கு, 2000 ஓம் எர்த்திலும் அது 230 காட்டும். எர்த் ரெஸ்ரரால் (எர்த்தின் தடையை அளக்கிற கருவி) அளவுங்கோ. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சுக்கு (எர்த்துக்குக் கசிவு வந்தால் கரண்டை வெட்டுகிற சுவிச்) கணக்குப்படி 1667 ஓம் வரை போதும் (தொடுகைக்கான எல்லை 50 வோல்ற்றை 0.03 அம்பியரால் பிரித்தது). ஆனால் 200ஐத் தாண்டினால் நான் நம்பமாட்டன், காய்ந்த மண்ணில் அந்த எண் நிலையாக நிற்காது. மாரியில் அளந்து திருப்திப்படாமல் ஆவணியில் திரும்ப அளவுங்கோ. எங்கட சுண்ணாம்புக்கல்லில் எர்த் றொட் (மண்ணில் இறக்குகிற கம்பி) முட்டினால் மிச்சத்தை வெட்டிவிடுகிற பழக்கம் இருக்கே, அதுதான் அரைவாசிப் பிரச்சினை. இடம் மாற்றி இன்னொரு றொட் இறக்கி, குறைந்தது றொட்டின் நீளமளவு தள்ளி, இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கோ.

பருத்தித்துறை, எம்.எல்.ரி. (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்): காலையில எல்லாத்தையும் போட்டவுடன ட்ரிப் சுவிச் விழுகுது. 100 மில்லி அம்பியருக்கு மாத்தலாமோ?

சொக்கெற் சேர்க்கிற்றில் வேண்டாம் தங்கச்சி. 30 எண்டு எழுதின சுவிச் 15க்கு மேல் எங்கேயும் விழலாம். அனலைசர் (இரத்தமாதிரி சோதிக்கிற மிசின்), கொம்பியூட்டர், யூ.பி.எஸ்., பிரிட்ஜ் எல்லாத்தின் கசிவும் ஒரே சுவிச்சில் கூடுது. சேர்க்கிற்றைப் பிரித்து, பிரிவுக்கொரு 30 போடச் சொல்லுங்கோ. அதுக்கு முதல், கசிவு பார்க்கிற கிளாம்ப் மீற்றரில் லைனையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து ஒவ்வொரு கருவியாகப் பார்க்கச் சொல்லுங்கோ. என் சந்தேகம் வோட்டர்பாத்தில் (மாதிரிகளைச் சூட்டில் வைக்கிற தண்ணித் தொட்டி). கனநாள் சும்மா கிடந்த ஹீற்றர் ஈரம் குடிச்சிருக்கும்.

மாணவர்: ஆஸ்பத்திரிக் கருவிக்கு 60601 தானே, ஏன் 61010 எண்டுறீங்கள்?

60601 நோயாளியோடு இணைகிற கருவிக்கு. இரத்தமாதிரி பார்க்கிறதுக்கு 61010-1உம் 61010-2-101உம், சென்ரிபியூஜுக்கு 2-020. கட்டிலிலிருந்து 1.5 மீற்றருக்குள் இரத்தவாயு அனலைசரை வைத்தால் மட்டும் 60601இன் 0.1 மில்லி அம்பியர் தொடுகை எல்லை (தொடுகிற ஆளூடாகப் போகக்கூடிய கசிவு) அதுக்கும் வரும். தள்ளி வையுங்கோ, இல்லாட்டித் தனிப்படுத்தும் ட்ரான்ஸ்போமர் போடுங்கோ.

கொடிகாமம்: சென்ரிபியூஜ் மூடி லொக் பழுது, வயரை நேரே குடுத்து ஓட்டலாமோ?

கூடாது. உள்ளே சுழலுகிற ரோட்டரின் விளிம்பு வேகம் செக்கனுக்கு 2 மீற்றருக்கு மேலே இருக்கும்வரை மூடி திறபடக்கூடாது எண்டது 2-020இன் விதி. லொக் வரும்வரை பிளக்கைக் கழற்றி, மேலே எழுதி ஒட்டுங்கோ.