வாசகர் கேள்வி: போன் வாசிக்கும்போது பிரெய்ல் எதற்கு?

கேள்வி: பார்வையற்றவர்களுக்கு பிரெய்ல் கட்டுரைப் போட்டி நடத்துகிறார்களாம். போனே எல்லாவற்றையும் வாசித்துக் காட்டும் காலத்தில் இன்னும் தாளில் புடைத்த புள்ளிகளை விரலால் தடவிப் படித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

பதில்: போன் வாசிக்கிறது, சரி. அப்போது படித்தது யார்? காதால் மட்டுமே பாடம் கேட்டு வளர்ந்த பிள்ளையை நாலு வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். ர எங்கே, ற எங்கே, ஒற்று மிகுமா, பத்தி எங்கே பிரிகிறது என்று தடுமாறும். பிள்ளை மந்தம் என்பதால் அல்ல, எழுத்து அதன் கைக்கு வரவே இல்லை என்பதால். கண் தெரிந்த குழந்தையிடம் 'ஆடியோ இருக்கிறதே, எழுத்துக்கூட்டிப் படிப்பானேன்' என்று நாம் கேட்பதில்லையே. கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை, கதை கேட்க போன் அருமை. ஆனால் கட்டுரை எழுத உட்கார்ந்தால்தான் எழுத்து பழகும், போட்டி அதற்கு ஒரு சாக்கு. ஜப்பானின் ஆடியோ கருவி நிறுவனமான ஒன்கியோவும், 1922 முதல் பிரெய்லில் வரும் 'பிரெய்ல் மைனிச்சி' இதழும் சேர்ந்து 2003இல் தொடங்கிய போட்டி பல நாடுகளுக்குப் போனது இதற்காகத்தான். எல்லோருக்கும் பிரெய்ல் கைவராது என்பதும் உண்மை. நீரிழிவால் விரல்நுனி மரத்துப்போனவர்களை வற்புறுத்தாதீர்கள்.

கேள்வி: என் மகள் போட்டிக்கான கட்டுரையை பிரெய்ல் ஸ்லேட்டில் (தாளைச் செருகி ஊசியால் புள்ளி குத்தும் சட்டம்) எழுதுகிறாள், தவறு நிறைய வருகிறது. அவள் சொல்லச் சொல்ல நானே கம்ப்யூட்டரில் அடித்து பிரெய்ல் பிரிண்டரில் எடுத்து அனுப்பிவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. போட்டி விதி என்ன சொன்னாலும், அப்படி அனுப்பினால் எழுத்துக்கூட்டியது நீங்கள்தான். ஸ்லேட்டில் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பித்தான் வாசிக்க முடியும் என்பதால் திருத்துவது பெரிய வேலை. புள்ளியை அமுக்கித் தேய்த்தாலும் தடம் விரலில் இடறும். ஒரு பிரெய்ல் எழுத்துக்கு ஆறு புள்ளி இடங்கள்தான், தவறான எழுத்தின் மேலேயே அந்த ஆறையும் குத்திவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதச் சொல்லுங்கள். முதல் பிரதி அசிங்கமாக இருக்கட்டும், பரவாயில்லை. ஆறு விசை பிரெய்லர் (பிரெய்ல் தட்டச்சுப்பொறி) எங்காவது கிடைத்தால் கடைசிப் பிரதியை அதில் எழுதலாம், புள்ளி மேல்பக்கமே எழும்புவதால் எழுதும்போதே தடவிப் பார்த்துக்கொள்வாள். அப்புறம், தாளை மடிக்காமல், அட்டை வைத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் புள்ளிகள் நசுங்கிவிடும்.

கேள்வி: லூயி பிரெய்ல் இந்த எழுத்துமுறையை ராணுவத்தாரிடமிருந்து எடுத்தார் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. ராணுவத்தில் இருந்த சார்ல் பார்பியே 12 புள்ளிகளில் ஒரு எழுத்துமுறை வைத்திருந்தார். அது ஒலியை மட்டும் குறித்தது. எழுத்துக்கூட்ட முடியாது, நிறுத்தற்குறி கிடையாது, ஒரு எழுத்து விரல்நுனிக்குள் அடங்கவும் அடங்காது. பிரெய்ல் அதை 6 புள்ளிகளாகக் குறைத்து எழுத்துக்கே குறியீடு கொடுத்தபோது (1824) அவருக்கு 15 வயது. அவர் படித்துப் பின்னர் பாடம் நடத்திய பாரிஸ் பார்வையற்றோர் பள்ளி அதை முறையாக ஏற்றது 1854இல். அவர் 1852லேயே இறந்துவிட்டார்.