வீட்டில் படிக்கும் பிள்ளையை அரசு பார்க்க வேண்டுமா?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பதை அரசு முறைப்படுத்த வேண்டுமா என்பது குறித்து டெல்டா மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒன்பது வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு நானும் என் கணவரும் வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறோம். காலையில் மிருதங்க சாதகம். பிறகு தமிழ், கணக்கு, ஆங்கிலம், அறிவியல். அண்மையில் வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியப் பயிற்றுநர் ஒருவர் வந்து, பள்ளி செல்லாப் பிள்ளைகள் பட்டியலில் அவன் பெயர் இருப்பதாகவும் உடனே பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார். நாங்கள் செய்வது குற்றமா? பெற்ற பிள்ளைக்கு நாங்கள் பாடம் சொல்வதில் அரசுக்கு என்ன வேலை?
— ஒரு வாசகி, திருவையாறு

பதில்: குற்றம் இல்லை. ஆனால் சட்டம் உங்களுக்கு முழு அனுமதி கொடுத்திருக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தத்தின் வழியே அரசமைப்புச் சட்டத்தில் சேர்ந்த 21அ பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தரும் பொறுப்பை அரசின்மேல் வைத்தது. அதை நடைமுறைப்படுத்த வந்த 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று தன் 10ஆவது பிரிவில் சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. 2012இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் இருந்த ஒரு வழக்கில், தாமாக விரும்பி வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்காது என்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. பிரமாணப் பத்திரம் சட்டமாகாது. நாளைக்கு அமைச்சகம் வேறு விதமாகச் சொன்னால் உங்கள் நிலைமையும் மாறிவிடும்.

இனி, அரசுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த உரிமை பிள்ளையின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. பெற்றோர் பெயரிலும் இல்லை, கல்வித்துறையின் பெயரிலும் இல்லை. உங்கள் மகன் நன்றாகப் படிக்கிறான் என்றே நான் நம்புகிறேன். ஆனால் நான் நம்புவது உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு. அரசு அப்படி நம்பிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. டெல்டாவில் அறுவடை முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடுவது உங்களுக்குத் தெரியும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆடு ஓட்டி வரும் கீதாரிகளின் கிடைகள் சிலவற்றில், முன்பணத்துக்காகப் பெற்றோரே அனுப்பிவைத்த சிறுவர்கள் இருந்து, வருவாய்க் கோட்டாட்சியர் நேரில் போய் மீட்டு, கொத்தடிமை விடுவிப்புச் சான்று கொடுத்த சம்பவங்கள் நம் மாவட்டங்களில் நடந்திருக்கின்றன. அந்தப் பையன்களின் பெயரையும் ஒரு காலத்தில் பள்ளிப் பதிவேட்டிலிருந்து யாரோ அடித்துவிட்டுத்தான் போயிருப்பார்கள். தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும்போது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நிறுத்தப்படும் பதினொரு வயதுப் பெண்ணும், கேட்டால், வீட்டில்தான் படிக்கிறாள். அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் பிள்ளை கூடமாட உதவலாம் என்று 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் அனுமதிக்கிறது. பள்ளிக்கே போகாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது, மீதி நேரம் எது என்று யார் வகுப்பது?

படித்தவர் வீட்டுக்கு ஒரு விதி, கூலிக்குப் போகிறவர் வீட்டுக்கு ஒரு விதி என்று சட்டம் எழுத முடியாது. உங்கள் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது என்றால் அந்த வீடுகளின் கதவையும் யாரும் தட்டக் கூடாது என்றாகிவிடும். ஆகவே அந்தப் பயிற்றுநர் வந்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. ஒழுங்காக வீட்டில் படிக்கும் பிள்ளையை இடைநின்ற பிள்ளையிலிருந்து பிரித்துப் பார்க்க அவருக்கு ஒரு வழியும் நம் சட்டம் ஏற்படுத்தித் தரவில்லை என்பதுதான் குறை. எனவே, முறைப்படுத்த வேண்டுமா என்றால், வேண்டும் என்பதே என் பதில். எந்த அளவுக்கு என்பதைக் கீழே வேறொரு கடிதத்துக்கான பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: முப்பதாண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில் கேட்கிறேன். ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்கு இடமே இல்லை. இங்கும் தடை செய்துவிட்டால் என்ன?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி

பதில்: ஐயா, ஜெர்மனியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அங்குள்ள கட்டாயப் பள்ளி விதியை எதிர்த்துச் சென்ற பெற்றோரின் வழக்குகளை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இலும் 2019இலும் ஏற்கவில்லை. பள்ளி என்பது பாடம் மட்டும் அல்ல என்ற உங்கள் எண்ணமும் எனக்குப் புரிகிறது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவும், மதியச் சத்துணவும், மருத்துவப் பரிசோதனையும் பள்ளி வாசலைத் தாண்டும் பிள்ளைக்குத்தான் கிடைக்கின்றன.

இருந்தாலும் தடையை நான் ஆதரிக்க மாட்டேன். கடுமையான குறைபாடுகள் உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தபடியே கல்வி பெறுவதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கல்வி உரிமைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. வீட்டில் கல்வி நடக்க முடியும் என்பதைச் சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. அந்தப் பட்டியலில் வராத, ஆனால் வகுப்பறையில் சாதிப் பெயரால் குத்திக் காட்டப்பட்டோ, சக மாணவர்களிடம் தினமும் அடிபட்டோ, காலையில் பையைத் தூக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளை உங்கள் பணிக்காலத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளையை ஓரிரு ஆண்டுகள் வீட்டில் வைத்துத் தேற்றிக்கொள்ளும் தாயைச் சட்டத்தை மீறியவளாக நிறுத்துவது நியாயமாக எனக்குப் படவில்லை. எந்த வயதில் திரும்பி வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தேவைப்பட்டால் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்வதால், திரும்பி வரும் கதவும் திறந்தே இருக்கிறது.

கேள்வி: என் இரண்டு மகள்களோடு எதிர்வீட்டுப் பிள்ளைகள் மூவரும் சேர்ந்து எங்கள் மாடியில் படிக்கிறார்கள், அவர்கள் வீட்டில் மாதம் ஒரு தொகை தருகிறார்கள். இதற்கு அனுமதி வாங்க வேண்டுமா?
— ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: கவனமாக இருங்கள், அம்மா. பள்ளி நேரம் முடிந்து வரும் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி எடுப்பது வேறு. பிறர் பிள்ளைகளைப் பள்ளிக்குப் பதிலாக உங்களிடம் வைத்துக்கொண்டு கட்டணமும் வாங்கினால், அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்துவதாகப் பார்க்கப்படலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆவது பிரிவு அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பெற்றோருக்கு இல்லாத தண்டனை பள்ளி நடத்துபவருக்கு உண்டு. பணம் வாங்குவதை நிறுத்திவிட்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: முறைப்படுத்துவது என்றாலே ஆய்வு, ஆய்வு என்றாலே கையூட்டு. 2004 ஜூலை 16 அன்று எங்கள் ஊரில் 94 பிள்ளைகள் பள்ளித் தீயில் கருகினார்கள். அதிகாரிகளின் கண்காணிப்பில் இருந்த பள்ளிதான் அது. ஒரு பள்ளிக் கட்டடத்தையே ஒழுங்காகப் பார்க்காதவர்கள் வீடு வீடாக வந்து எதைப் பார்க்கப் போகிறார்கள்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கும்பகோணத்துக்காரர் இதைக் கேட்கும்போது மறுத்துப் பேச நா எழவில்லை. கூரை வேய்ந்த கொட்டகையின் கீழ் அத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருந்ததை ஏட்டிலிருந்த ஆய்வு தடுக்கவில்லை. அந்த வழக்கில் கல்வித்துறை அலுவலர்களும் குற்றம் சாட்டப்பட்டார்கள். வெறும் காகிதத்தை மட்டும் கேட்கும் முறை வீட்டுக்கல்விக்கும் வந்தால் அதே கதிதான். கலிபோர்னியாவில் ஆண்டுக்கொரு முறை ஒரு படிவம் அனுப்பிவிட்டால் வீட்டைத் தனியார் பள்ளியாகப் பதிந்துகொள்ளலாம். அங்கே அப்படிப் பதிந்திருந்த ஒரு தகப்பன் தன் 13 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பட்டினி போட்டு, சிலரைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தது, 2018இல் ஒரு மகள் தப்பித்து வந்து காவல்துறையை அழைத்த பிறகே வெளியே தெரிந்தது. படிவம் ஒழுங்காக இருந்தது. பிள்ளைகளை யாரும் பார்க்கவில்லை. அமெரிக்காவிலேயே பென்சில்வேனியாவில், பிள்ளை ஆண்டு முழுவதும் செய்த வேலைகளின் தொகுப்பைப் பார்த்து, பிள்ளையிடமும் பேசி மதிப்பீடு எழுதித் தர வேண்டும். டெக்சாஸிலோ தகவல்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது மிகக் குறைந்த அளவிலான ஒரு முறை. பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்தும் பெற்றோர், வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அனுமதி கேட்க வேண்டியதில்லை, தகவல் சொன்னால் போதும். பாடத்திட்டம் இதுதான் என்றோ, தாய் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்றோ, வீட்டில் கரும்பலகை இருக்க வேண்டும் என்றோ ஒரு நிபந்தனையும் கூடாது. கையூட்டு நுழைவது இத்தகைய நிபந்தனைகளின் சந்தில்தான். அதற்குப் பதிலாக, ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் பிள்ளை அருகிலுள்ள பள்ளிக்கோ கிளை நூலகத்துக்கோ வந்து, ஒரு ஆசிரியரோடும் ஒரு செவிலியரோடும் அரைமணி நேரம் இருக்க வேண்டும்; அதில் கொஞ்ச நேரமாவது பெற்றோர் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த அரைமணி நேரத்தில் கேள்வித்தாள் வேண்டாம். அன்றைய நாளிதழில் ஒரு செய்தியைப் படிக்கச் சொல்லி, படித்ததைச் சொந்த வாக்கியத்தில் சொல்லச் சொல்லலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ, உன் தாத்தா 17 சிப்பம் போட்டிருக்கிறார், எத்தனை குவிண்டால் என்று கேட்கலாம். 680 கிலோ என்பதுவரை வந்துவிட்டுக் குவிண்டாலில் தடுமாறுகிற பத்து வயதுப் பிள்ளையைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன், பெருக்கல் என்றால் என்ன என்றே விழிக்கும் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுவேன். செவிலியர் எடையும் உயரமும் பார்ப்பார். உள்ளங்கைக் காய்ப்பையும் பார்ப்பார். வீட்டில் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டால், பிள்ளை சொல்லும் பதிலைவிட, சொல்வதற்கு முன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறதா என்பது அனுபவமுள்ள ஆசிரியருக்கு அதிகம் சொல்லும்.

படிப்பு பின்தங்கியிருந்தால் முதலில் உதவி. அடுத்த ஆண்டும் அப்படியே இருந்தால் பள்ளி. வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்ற ஐயம் வந்தால் அன்றைக்கே குழந்தை நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். ஆசிரியப் பயிற்றுநர்களுக்கு ஏற்கெனவே தலைக்குமேல் வேலை என்று சொல்வீர்கள், உண்மைதான். ஆனால் தானாக முன்வந்து பதிவு செய்யும் வீடுகள் ஒரு வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருக்கும். அவற்றைப் பட்டியலில் தனியாகப் பிரித்துவிட்டால், ஆட்டுக்கிடைக்கும் தறிக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளைத் தேட அவர்களுக்கு நேரம் மிஞ்சும். இந்த முறையிலும் ஏமாற்றுபவர்கள் இருப்பார்கள். தகவலே கொடுக்காத வீட்டை ஊராட்சியும் அங்கன்வாடிப் பணியாளரும்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: மகளுக்குப் பத்து வயது; வீட்டில் படிக்கிறாள். பிற்காலத்தில் தேர்வு, கல்லூரி ஆகியவற்றில் சிக்கல் வருமா?
— ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: தேர்வுக்கு வழி உண்டு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைப் பன்னிரண்டரை வயது நிறைந்தவரும், பத்தாம் வகுப்புத் தேர்வைப் பதினான்கரை வயது நிறைந்தவரும் நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதினான்கு வயது போதும். முன்பு படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சலுகைகளில்தான் இழப்பு. மருத்துவப் படிப்பில் 2020இலும் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 2021இலும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளியைப் பார்த்தே கிடைக்கும். உங்கள் மகளுக்கு இன்னும் ஒரு வருடத்தில் ஆறாம் வகுப்பு வயது வந்துவிடும். அதற்குள் இந்தக் கணக்கை அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசி முடிவெடுங்கள்.