அது இன்னொரு ஆஸ்பத்திரியா?

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். பல வருடங்களாக மனநல மருத்துவமனையில் இருக்கிறான். இப்போது தேறிவிட்டான், வெளியே அனுப்பலாம் என்கிறார் டாக்டர். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. நாலைந்து பேர் சேர்ந்து வாழும் ஒரு வீட்டைச் சொல்கிறார்கள். உதவிக்குப் பணியாளர்களும் உண்டாம். அவனைக் கைகழுவுவது போல இருக்கிறது. அதுவும் ஒரு சின்ன ஆஸ்பத்திரிதானோ?
- ஒரு வாசகி

பதில்: நீங்கள் கைகழுவவில்லை, சகோதரி. முடியாத உடம்போடு அவரைப் பார்த்துக்கொண்டு இருவருமே ஓய்ந்துபோவதைவிட இது எவ்வளவோ நல்லது.

ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. சில இடங்கள் பெயருக்குத்தான் வீடு. நடப்பதெல்லாம் வார்டு மாதிரி. நேரில் போய்ப் பாருங்கள். வாசல் சாவி குடியிருப்பவர்கள் கையிலும் இருக்கிறதா? பணியாளர் கதவைத் தட்டிவிட்டு அறைக்குள் வருகிறாரா? என்ன சமைப்பது, எப்போது விளக்கை அணைப்பது என்று முடிவு செய்வது யார்? பதில் திருப்தியாக இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். அப்புறம், தம்பி என்ன சொல்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே. முதலில் அவரைக் கேளுங்கள். எங்கே, யாரோடு வாழ்வது என்பது அவரவர் விருப்பம் என்று 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-வது பிரிவே சொல்கிறது.

இத்தாலியில் ட்ரியஸ்டே நகர மனநல மருத்துவமனைக்கு 1971-இல் பொறுப்பேற்ற டாக்டர் ஃபிராங்கோ பசாலியா, அங்கிருந்தவர்களைப் படிப்படியாக ஊருக்குள் குடியமர்த்தினார். 1978-இல் புதிய மனநல மருத்துவமனை கட்டுவதையே அந்த நாட்டுச் சட்டம் தடுத்தது. அமெரிக்காவிலும் ஆஸ்பத்திரிகளைக் காலி செய்தார்கள். ஆனால் வெளியே போதிய உதவி இல்லாததால் பலர் தெருவுக்கு வந்தார்கள். வீட்டோடு ஆதரவும் வேண்டும் என்பது அதனால்தான்.

ஒரே நாளில் கூட்டிப் போய் விட்டுவிடாதீர்கள். முதலில் பகலில் போய்வரட்டும், பிறகு ஓரிரு இரவு தங்கட்டும். பல வருடம் உள்ளே இருந்தவர், குளிக்கப் போகக்கூட யாராவது சொல்லட்டும் என்று கட்டில் ஓரத்தில் காத்திருப்பார். அது சோம்பல் இல்லை, ஆஸ்பத்திரிப் பழக்கம், மாற நாளாகும். மாத்திரையைக் கிழமைவாரியாகப் பிரித்த டப்பாவில் அவரே போட்டு வைக்கட்டும், பணியாளர் பக்கத்தில் இருந்தால் போதும். டிஸ்சார்ஜுக்குப் பிறகு முதல் சில வாரங்கள்தான் மிகவும் கவனம் தேவைப்படுபவை. ஒரு வாரத்துக்குள் டாக்டரைப் பார்க்க இப்போதே தேதி வாங்குங்கள். தூக்கம் கெட்டாலோ, பேச்சு குறைந்து ஒதுங்கினாலோ, ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்றும் கேட்டு எழுதி வையுங்கள்.

பார்க்கப் போகும்போது "மாத்திரை போட்டாயா?" என்று ஆரம்பிக்காதீர்கள். அதைக் கேட்க அங்கே ஆள் இருக்கிறார்கள். நீங்கள் அக்காவாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு வாருங்கள்.