நான்காவது தடவை கிடைத்த இடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

போன வாரம் மகளின் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழை என் மேசைமேல் விரித்துவைத்து, "இவ்வளவு மார்க் வாங்கினவ, நாடகப் பள்ளித் தேர்வுல ரெண்டு தடவை தோத்துட்டா. இன்னொரு வருஷம் வீணாகணுமா சார்?" என்று கேட்டீர்கள். அவள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள், வாய் திறக்கவில்லை. அவளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

போலந்தில் யானுஷ் கயோஸ் என்றொரு நடிகர், 1939-இல் பிறந்தவர். வூச் நகரத் திரைப்படக் கல்லூரி அவரை மூன்று தடவை திருப்பி அனுப்பியது. நான்காவது தடவைதான் சேர்த்துக்கொண்டது. நடுவில் ராணுவப் பணிக்குப் போனார். பெஞ்ஜின் என்ற ஊரில், யான் டோர்மான் நடத்திய சிறுவர் பொம்மை நாடக அரங்கில் வேலை பார்த்தார். பொம்மையின் முகம் மாறாது. அழுகையோ கோபமோ, ஆட்டுகிறவரின் மணிக்கட்டுச் சாய்விலும் குரலிலும்தான் வர வேண்டும். நடிக்க வருகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

1965-இல் படிப்பை முடித்தார். அடுத்த ஆண்டே 'நான்கு டாங்கி வீரர்களும் ஒரு நாயும்' என்ற தொலைக்காட்சித் தொடர் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. ஆனால் அதில் வந்த யானெக் என்ற பையனாகவே எல்லோரும் பார்த்ததால், கனமான வேடங்கள் எளிதில் வரவில்லை. மேடையை அவர் விடவில்லை. தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் துரேத்ஸ்கி என்ற கடைநிலை ஊழியராகவும் வந்தார். 1982-இல் எடுத்த 'விசாரணை' படத்தில் கைதியை வதைக்கும் அதிகாரியாக நடித்தார். அந்தப் படத்தை அரசு தடை செய்துவிட, 1989 வரை வெளிவரவில்லை. பெயர் வந்த பிறகும் இத்தனை காத்திருப்பு உண்டு என்பதை அவளிடம் மறைக்காதீர்கள்.

அவருக்கு நடந்தது உங்கள் மகளுக்கும் நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் நிச்சயமில்லை. உங்கள் பயம் நியாயமானது. அதனால் அஞ்சல்வழியில் தமிழ் இலக்கியத்தில் பட்டம் படிக்கட்டும். யெஜி ஷ்டூர் என்ற போலந்து நடிகர்கூட கிராக்கூ நகரில் போலிஷ் இலக்கியம் படித்துவிட்டுத்தான் 1972-இல் நாடகக் கல்லூரியை முடித்தார். பின்னாளில் அதே கல்லூரிக்குத் தலைவரும் ஆனார்.

கூடவே, பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு நாடகக் குழுவில் இந்த வருஷமே சேர்த்துவிடுங்கள். திரை இழுப்பது, உடை மடிப்பது, எந்த வேலையானாலும் சரி. அடுத்த தேர்வையும் எழுதட்டும்.

மறுபடி வரும்போது சான்றிதழ் வேண்டாம். மனப்பாடமாக ஒரு வசனப் பகுதியோடு அவளை வரச் சொல்லுங்கள். நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள்.