பதினேழில் மூன்றுதான் முடிந்தது

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கிறேன். வேலை புதுச்சேரியில், ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். தினமும் பஸ் பயணம். கதை, நாவல் நிறையப் படித்தாயிற்று. இனி வரலாறு, அறிவியல், பொருளாதாரம், சட்டம், மருத்துவம் என்று எல்லாத் துறையிலும் படிக்க ஆசை. இரண்டு வருடத்தில் 17 புத்தகம் வாங்கினேன்: தன்முன்னேற்றம் 6, வரலாறு 5, மொழிபெயர்ப்பு அறிவியல் 4, பங்குச் சந்தை 2. முடித்தது 3, மூன்றும் தன்முன்னேற்றம். 'அகல உழுவதை விட ஆழ உழு. இது நுனிப்புல் மேய்ச்சல்' என்கிறார் என் கொழுந்தனார். மாதம் 500 ரூபாய் ஒதுக்க முடியும். அவசியம் படிக்க வேண்டிய 100 நூல்களின் பட்டியல் கொடுங்கள். பாதியில் நிற்கும் 14 புத்தகங்களை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

பதில்: பட்டியல் தருவதாக இல்லை. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. நீங்கள் கணக்குப் பிரிவுக்காரர், சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாத துறையில் ஒரு பக்கம் படிக்க 2 நிமிடம் ஆகும். உட்கார இடம் கிடைத்து, கண் சோராமல் படிக்கக்கூடியது ஒரு நாளைக்கு 30 நிமிடம் என்று வையுங்கள். 15 பக்கம். வாரம் 5 நாளுக்கு 75. 300 பக்கப் புத்தகம் முடிய 4 வாரம். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, பொங்கல், தீபாவளி, வீட்டு விசேஷம் எல்லாம் கழித்தால் வருடத்துக்கு 10 நூல் கையில் நிற்கும். உங்கள் நூறு நூல் முடியப் பத்து வருடம். இன்று போடுகிற பட்டியல் அத்தனை காலம் தாங்காது. ஒரு நூலை முடித்ததும் அடுத்ததைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் போதும்.

கொழுந்தனார் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. துறைக்கு ஒன்று என்று எடுத்தால் ஒரு நூலுக்கும் அடுத்ததற்கும் தொடர்பு இருக்காது. மூன்றாம் மாதம் முதல் நூல் மறந்துபோகும். அதற்கு வழி, துறையைப் பிடிக்காமல் ஒரு கேள்வியைப் பிடிப்பது. அதுவும் தினமும் கண்ணில் படுகிற கேள்வியாக இருந்தால் நல்லது.

ஒன்று சொல்கிறோம். உங்கள் பஸ் அரியாங்குப்பம் ஆற்றைத் தாண்டித்தான் புதுச்சேரிக்குள் போகிறது. அந்த ஆற்றின் முகத்தில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்தும். வடகிழக்குப் பருவமழையின் சில மாதங்களில் மட்டும் திசை மாறும். சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. வடக்கே நகரத்துக் கடற்கரை வரவின்றிக் கரைந்து, கடைசியில் கருங்கல் குவியல்தான் கரை என்று ஆனது. 'மணல் எங்கே போயிற்று?' என்பது கேள்வி.

இதற்கு விடை ஒரே அலமாரியில் கிடைக்காது. துறைக்கு ஓர் எண் கொடுத்து நூல்களை அடுக்கும் முறையாக நம் நாட்டில் பல நூலகங்கள் கையாளும் டூயி வகைப்பாட்டில் பார்த்தால், கடலியல் 551.46, துறைமுகப் பொறியியல் 627, மீன்பிடி 639, தென்னிந்திய வரலாறு 954.8. இந்த வரலாறு, இயற்கை துறைமுகமே இல்லாத இந்த இடத்தில், கப்பலை ஆழத்தில் நிறுத்தி மசூலா படகில் சரக்கை இறக்கிக்கொண்டு, பிரெஞ்சுக்காரர்கள் எப்படி வியாபாரம் செய்தார்கள் என்பதற்கு. 1991, 2011, 2019 என்று மூன்று முறை வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளுக்காகச் சட்ட அலமாரி. சுவரால் யாருக்கு லாபம், கல் கொட்டும் செலவு யார் தலையில் என்று கேட்டால் பொருளாதாரம், 330. மீனவர்கள் நீரோட்டத்தை 'நீவாடு' என்பார்கள், கடலுக்குள் நீளும் கற்சுவரைத் 'தூண்டில் வளைவு' என்பார்கள். அதைத் தேடினால் மானிடவியல் அலமாரிக்குப் போவீர்கள். அகலமாக உழுதது போலவும் இருக்கும், ஒரே வயலை உழுதது போலவும் இருக்கும்.

மணல் பிடிக்காவிட்டால் வேறு கேள்வி. நெய்வேலியில் நிலக்கரி எடுக்க நிலத்தடி நீரை ஏன் இறைக்க வேண்டியிருக்கிறது? பண்ருட்டிக்குப் பலா எப்படி வந்தது? ஆறு அலமாரிக்கு உங்களை அழைத்துப் போகாத கேள்வியை விட்டுவிடுங்கள்.

(தன்முன்னேற்ற நூல்களுக்கு டூயியில் எண் 158. உளவியல் அறிவியல் நூல்கள் 150இல் தொடங்கிப் பக்கத்திலேயே நிற்கும். அவற்றில் ஒன்றை எடுத்துப் பார்த்தால், நீங்கள் முடித்த மூன்றில் எத்தனை வாக்கியத்துக்கு ஆதாரம் இருந்தது என்று தெரியும். அவை முடிந்ததற்குக் காரணம் எளிமை மட்டுமில்லை. ஒரே கருத்தை அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாற்றிச் சொல்வதால் எங்கே விட்டாலும் நஷ்டமில்லை.)

இனி புத்தகத்தைக் கையில் எடுத்தபின். கடையிலோ நூலகத்திலோ 10 நிமிடம் போதும். பின்னட்டையைப் படிக்காதீர்கள், அது விற்பவர் எழுதியது. பதிப்பு விவரப் பக்கத்துக்குப் போங்கள். தமிழ்ப் பதிப்புலகில் 'ஏழாம் பதிப்பு' என்றிருந்தால் பெரும்பாலும் ஏழாவது முறை அச்சடித்தார்கள் என்றுதான் பொருள். திருத்தியிருந்தால் 'திருத்திய பதிப்பு' என்று தனியாகப் போட்டிருப்பார்கள். ஆகவே முதல் பதிப்பின் ஆண்டுதான் நூலின் வயது. மொழிபெயர்ப்பு என்றால் மூலநூல் வெளிவந்த ஆண்டு. அந்த ஆண்டு அச்சிடப்படவே இல்லை என்றால் அதுவே ஒரு தகவல்.

அடுத்து கடைசிப் பக்கங்கள். துணைநூற்பட்டியல் உண்டா, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவு உண்டா? அணிந்துரை மூன்று, வாழ்த்துரை நான்கு, சொல்லடைவு மட்டும் இல்லை என்பது நம் புத்தகங்களின் பழைய வியாதி. அது இல்லாததாலேயே நல்ல நூலை ஒதுக்க வேண்டாம். ஆனால் 400 பக்க வரலாற்று நூலில் ஓர் அடிக்குறிப்புகூட இல்லையென்றால் கீழே வைத்துவிடலாம்.

பிறகுதான் முக்கியமான சோதனை: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் வரும் பக்கத்தைத் திறந்து படியுங்கள். பொருளாதார நூல் என்றால் ஜிஎஸ்டி பற்றியோ தேய்மானம் பற்றியோ என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் தினம் புழங்கும் விஷயத்தில் தப்பு செய்கிற ஆசிரியர் உங்களுக்குத் தெரியாத பணவீக்கத்தில் மட்டும் சரியாக இருப்பார் என்று நம்ப இடமில்லை. புயல் பற்றிய நூலா, தானே புயலைத் தேடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் அது கரை கடந்ததை நீங்கள் அறிவீர்கள், ஆசிரியர் அறிவாரா? தெரிந்த விஷயம் எதுவும் அந்த நூலில் இல்லையென்றால் நடுவில் ஏதாவது இரண்டு பக்கம். அதில் ஆசிரியர் உறுதியாகச் சொல்லும் ஒரு வாக்கியத்தை எடுத்து, 'இது இவருக்கு எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். கல்வெட்டு, அளவீடு, நேரில் கேட்டது என்று ஏதாவது ஒரு பதில் அந்தப் பக்கத்திலேயோ குறிப்பிலேயோ இருக்க வேண்டும். 'ஆய்வாளர்கள் கூறுகின்றனர்' என்பது பதில் ஆகாது.

நூலின் வயது எல்லாத் துறைக்கும் ஒரே மாதிரி அல்ல. சட்டம் ஒரே நாளில் கிழமாகும். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கான தண்டனைப் பிரிவு 302 அங்கே 103, மோசடிக்கான 420 அங்கே 318. நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கும் சட்டக் கையேடுகளை இதை நினைத்துக்கொண்டு பாருங்கள். வரி நூல் 2017 ஜூலைக்கு முந்தியது என்றால் ஜிஎஸ்டியே இருக்காது. மருத்துவத்தில் சிகிச்சை பற்றிய நூல் 10 வருடத்துக்குள் வந்ததாக இருக்கட்டும். உடல் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கும் நூல் கொஞ்சம் பழையதானாலும் பரவாயில்லை. கணிதத்துக்கும் தத்துவத்துக்கும் இந்தக் கவலையே வேண்டாம்.

தொல்லியலில் பழைய நூலைத் தூக்கிப் போடவும் கூடாது, தனியாக நம்பவும் கூடாது. அரியாங்குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1945இல் அங்கே அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர் ரோமானிய வணிகத்தோடு சேர்த்தே அந்த இடத்தைப் பார்த்தார்; சக்கர வரிகள் கொண்ட ஒருவகை மட்பாண்டத்தை மத்தியதரைக் கடல் பக்கத்து இறக்குமதி என்று கருதினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு மறுபடி தோண்டியது. ரோமானியர் வருமுன்பே அது ஊராக இருந்தது, வீலர் நினைத்ததை விட நெடுங்காலம் புழங்கியது என்று தெரிந்தது. அந்தப் பாண்டமும் இந்தியாவில் செய்ததுதான் என்பது இன்றைய முடிவு. வீலரை மட்டும் படித்தவர் ஒரு ரோமானியக் கிடங்கைப் பார்ப்பார். 1990களுக்குப் பின் எழுதியதையும் சேர்த்துப் படித்தவர் ஒரு தமிழ்த் துறைமுகத்தைப் பார்ப்பார்.

சர்ச்சையுள்ள எந்த விஷயத்திலும் இரண்டு நூல், அதுவும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து. உங்கள் இரண்டு ஊருமே இதற்கு வசதியானவை. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு புதுச்சேரியின் உள்ளிருந்து பேசுகிறது. ஆனால் அவர் வணிகர், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடையாளும். தன் போட்டியாளர்களைப் பற்றி அவர் சொல்வதை அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்ததும் ஆங்கிலேயரின் தலைமையிடம் உங்கள் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்தது. அதே ஆண்டுகளை அந்தப் பக்கத்திலிருந்து சொல்லும் நூலையும் சேர்த்துப் படியுங்கள். நாட்குறிப்பை முதல் நூலாக மட்டும் எடுக்காதீர்கள். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதிய கர்நாடகப் போர்களைப் பற்றி ஒரு சுருக்கமான வரலாறு முன்னால் இல்லையென்றால் பெயர்களிலேயே மூழ்கிவிடுவீர்கள். உங்கள் ஐந்து வரலாற்று நூல்களும் அனேகமாக இப்படித்தான் நின்றிருக்கும்: நான்காவது நூலாக வர வேண்டியது முதலில் வந்திருக்கும்.

அறிவியல் நூல்கள் நான்கும் நின்றதற்குக் காரணம் வேறு, கலைச்சொல். மொழிபெயர்ப்பு வாங்குமுன் நடுப் பக்கத்தில் ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். இரண்டு தடவை படித்தும் எழுவாய் எது, பயனிலை எது என்று பிடிபடவில்லை என்றால் குறை உங்களுடையது அல்ல. பின்னால் கலைச்சொல் பட்டியல் உள்ள பதிப்பு கிடைத்தால் அதை எடுங்கள். 'சுருக்கம்', 'தழுவல்' என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சொற்கள் பழக மலிவான வழி, தமிழக அரசின் 11, 12ஆம் வகுப்புத் தமிழ்வழிப் பாடநூல்கள். இணையத்தில் இலவசம். பொருளாதார நூலுக்கு முன் அந்தப் பாடநூலில் இரண்டு அத்தியாயம் படித்தால் பாதிச் சுமை குறையும். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு வந்த 10 தொகுதிக் கலைக்களஞ்சியத்தையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பார்க்கலாம். 1954இல் வெளிவரத் தொடங்கியது என்பதால் புள்ளிவிவரத்துக்கு ஆகாது. ஒரு துறையின் பரப்பு என்ன என்று அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ள இன்றும் நல்லது.

500 ரூபாயைப் பற்றி. மாதாமாதம் செலவழிக்க வேண்டியதில்லை. புதுச்சேரியின் ரோமன் ரோலண்ட் நூலகம் 1827இல் தொடங்கியது. மதிய இடைவேளையில் அலமாரி பார்க்கலாம். கடலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. பிடித்த நூலின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்து நூல்களைப் புரட்டினால் எந்தப் பட்டியலும் சொல்லாத பெயர்கள் கிடைக்கும். நூலகத்தில் இரண்டாம் முறை தேடிப்போகிற நூலை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். மிச்சத்தை நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குச் சேர்த்துவையுங்கள். கண்காட்சிகளில் வழக்கமாக 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. அதைவிட, பத்துக் கடைப் பதிப்புகளை ஒரே நாளில் ஒப்பிட முடிவதுதான் லாபம். நாட்டுடைமை ஆன நூல்களில் இது அவசியம்: ஒரே நூலைப் பல பதிப்பகங்கள் போட்டிருக்கும், ஒன்றில் படங்கள் இருக்காது, ஒன்றில் பின்னிணைப்பு இருக்காது, விலை குறைந்ததில் எழுத்துப்பிழை மலிந்திருக்கும். எல்லாமே மின்நூலகத்தில் இலவசமாகவும் இருக்கக்கூடும், முதலில் அங்கே பாருங்கள்.

பாதியில் நிற்கும் 14. பங்குச் சந்தை நூல்கள் இரண்டையும் முதல் பதிப்பு ஆண்டு பார்த்துப் பழையது என்றால் கழித்துவிடுங்கள். மற்ற 12க்கும் நூலுக்கு 20 நிமிடம்: முன்னுரை, கடைசி அத்தியாயத்தின் முதல் நான்கு பக்கம், நடுவில் இரண்டு பக்கம். ஒரு துண்டுத்தாளில் 'இந்த நூல் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது' என்று ஒரே வரி எழுதி உள்ளே வையுங்கள். அந்த வரியை எழுத முடியாத நூல்கள் கிளை நூலகத்துக்கோ நண்பர்களுக்கோ போகட்டும். எழுத முடிந்தவற்றில் மெலிதானதும் வரைபடம் இல்லாததுமான ஒன்றைப் பஸ்ஸுக்கு எடுங்கள். தடித்தது, வரைபடமும் அடிக்குறிப்பும் நிறைந்தது ஒன்றை ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டில் வையுங்கள். ஒரே நேரத்தில் இந்த இரண்டுக்கு மேல் திறக்க வேண்டாம். மீதி எல்லாம், துண்டுத்தாள் வெளியே தெரிய, அலமாரியில் காத்திருக்கட்டும்.